பீடிங் புராணம்

எங்கள் வீட்டில் மழை வந்தால் முதலில் நனைவது கொடியில் காயும் துணி இல்லை. அப்பாவின் கார். வெளியில் நனைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உள்ளே நனையும்!

கார் என்றால் பிரீமியர் பத்மினி. 1992 மாடல். பம்பாய் குர்லாவில் 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பிறந்து, எழுபதுகளில் பத்மினி என்று ஞானஸ்நானம் செய்விக்கப்பட்ட அதே வம்சம். சித்தூர் ராணி பத்மினியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று நான் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை. "போடா, அது தில்லானா மோகனாம்பாள் பத்மினி. முன்பக்கம் பாரு, ஆடறதுக்கு முந்தி கும்பிடு போடற மாதிரியே இருக்கும்" என்றார். பார்த்தேன். எனக்கு ஹெட்லைட்தான் தெரிந்தது.

ஊரைச் சொல்லவில்லையே. காவேரிப்பட்டினம். இந்தப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் "ஆஹா, பூம்புகார்! கோவலன், கண்ணகி!" என்று பரவசமாகி விடுகிறார்கள். ஸாரி ஸார், அது காவிரிப்பூம்பட்டினம். எங்களது கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற வழியில் இருப்பது. ஊரில் ஓடுவது காவேரியும் இல்லை, தென்பெண்ணை. கடலோ நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். 1767-ல் ஹைதர் அலியும் வெள்ளைக்காரர்களும் இங்கே இருந்த கோட்டைக்காக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர சரித்திரத்தில் எங்களுக்குப் பெரிய வேலையில்லை. இப்போது மாம்பழம், மாங்கூழ் ஃபேக்டரிகள், பெங்களூருக்கும் சேலத்துக்கும் ஓயாமல் ஓடும் லாரிகள். அவ்வளவுதான்.

அப்பா ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் மேனேஜராக இருந்தார். 1997-ல் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹாண்டில் இந்த வண்டியை வாங்கினார். நம்பர் டி.என்.29. அதாவது தர்மபுரி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி நாங்கள் டி.என்.24 ஆகிவிட்டோம். கார் மட்டும் இன்னும் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது, எங்கள் வாசலில்.

இரண்டு வருஷம் முன்பு அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. பார்வை வந்துவிட்டது. தைரியம் வரவில்லை. டேம் ரோட்டில் ஒரு நாள் எதிரே வந்த மொபெட்டை ரொம்ப லேட்டாகப் பார்த்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, எனக்கு போன் பண்ணினார். நான் போய் ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஷெல்ஃபில் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. லைசென்ஸ் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நாலரைக்கு பேப்பரை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். நின்ற காரில் ஒரு மணி நேரம் தலையங்கம். அம்மா இருந்தவரை டீயும் அங்கேயே சப்ளை ஆகும். இப்போது அந்த டியூட்டி என் மனைவிக்கு.

நிற்க. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது ஞாபகமிருக்கும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர். வேன்கள் ரோட்டிலிருந்து காகிதக் கப்பல் போல் அடித்துக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வாசலில் அத்தனை வெள்ளம் இல்லை. ஆனால் மறுநாள் காலை கார் கதவைத் திறந்தபோது கால் வைக்கிற இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். முன் கண்ணாடி ஓரத்தில் ஒரு தாரை, நாலு ஜன்னலிலும் ஆளுக்கொரு சொட்டு. அப்பா ஒரு தம்ளரை எடுத்துவந்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். எழுபத்தொரு வயசு. "நான் பண்றேன்ப்பா" என்றேன். "வேணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு சரி.

இங்கேதான் என் வில்லத்தனம் ஆரம்பிக்கிறது. நான் பி.காம். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்துவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று ரிசைன் பண்ணின புத்திசாலி. எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். எங்கள் முறை அடுத்து வருவது 2027. சரி, பழைய கார்தானே, 'வின்டேஜ்' என்று ஏதாவது சலுகை கிடையாதா என்று பார்த்தால் அதற்கு 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும். மனுஷனுக்கு அறுபதில் சீனியர் சிட்டிஸன், காருக்கு ஐம்பது. எங்கள் பத்மினிக்கு அந்த யோகம் 2042-ல்தான். அதுவரை அவள் வெறும் கிழவி.

ஆகவே விற்பது என்று (நான்) முடிவு செய்தேன். பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கும் ஒரு பையன் வந்து பார்த்தான். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருப்பதைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டான். பிறகு உள்ளே மூக்கை நீட்டி, "சார், ஈர நாய் வாசனை வருதே" என்றான். கதவு பீடிங் எல்லாம் போச்சு, இடது பக்கம் பின் கதவு அடியில் துரு வேறு, பன்னிரண்டாயிரம் குறைத்துக்கொள்வேன் என்றான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம்.

பன்னிரண்டாயிரத்தை அவன் குறைப்பானேன், நாமே பீடிங் மாற்றிவிட்டால்? மே மாசத்தில் ஒரு சுபயோக சுபதினத்தில் வேலையைத் தொடங்கினேன். "கார் ஜன்னலுக்கு ரப்பர் மாத்தப் போறீங்களே, நம்ம குக்கர் கேஸ்கட் ஆறு மாசமா புஸ்ஸுபுஸ்ஸுன்னு ஆவி விடுதே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் மனைவி. தத்துவார்த்தமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சாமான் வாங்க பெங்களூர் ஜே.சி. ரோடு. காவேரிப்பட்டினத்தில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டிப் போய் இறங்கினால் கார் சம்பந்தப்பட்ட எந்த வஸ்துவும் அந்த ஒரு தெருவில் கிடைக்கும். ஒரு கடையில் "ஏன் பேக்கு சார்?" என்றார்கள். "பத்மினி பீடிங்" என்றதும் உள்ளேயிருந்து ஒரு பெரியவர், "இன்னும் ஓடுதா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். பம்பாயிலேயே கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போய்விட்டதே என்று துக்கம் விசாரித்தார். பிறகு கத்திரிக்காய் மாதிரி இரண்டு தினுசு ரப்பரை எடுத்துப் போட்டார். ஒன்று மலிவு. இன்னொன்று அதைவிட ஒன்றரை மடங்கு.

"என்ன வித்தியாசம்?"

"இது ரெண்டு வெயில் தாங்கும். அது பத்து வெயில் தாங்கும்."

இதற்கு ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. மரத்துப் பாலில் வருகிற ரப்பருக்கு வெயிலும் காற்றில் கலந்திருக்கும் ஓசோனும் ஆகாது. நாளடைவில் முதலைத் தோல் மாதிரி வெடித்துவிடும். ஈ.பி.டி.எம். என்று ஒரு செயற்கை ரப்பர் உண்டு, அது ஓசோனுக்கு அசைந்து கொடுக்காது. இப்போதெல்லாம் கார் பீடிங் பெரும்பாலும் அதில்தான் செய்கிறார்கள். ரப்பர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் உருகாது, குளிரில் விறைக்காது என்று 1839-ல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். உலகமே அதை வைத்துப் பணம் பண்ணியது. அவர் மட்டும் 1860-ல் கடனாளியாகச் செத்துப் போனார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் வேறு யாரோ ஆரம்பித்தது. கண்டுபிடிக்கிறவனுக்குக் கணக்கு வராது என்பதற்காகச் சொன்னேன். என்னை மாதிரி கணக்குத் தெரிந்தவனுக்குக் கண்டுபிடிக்க வராது.

நான் பத்து வெயில் ரப்பரையே வாங்கினேன். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

கதவைப் பிரிப்பது எப்படி என்று இப்போது செல்போனிலேயே வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வீடியோவில் அந்த ஆள் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை இரண்டு விநாடியில் கழற்றுகிறான். நான் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு குட்டி லாக் ஒளிந்திருக்கிறது. அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் 'டிங்' என்று பறந்து செம்பருத்திச் செடிக்குள் போய்விட்டது. தேடினேன் தேடினேன், காணோம். அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி செடியடியில் இரண்டு தடவை இழுத்தார். லாக் ஒட்டிக்கொண்டு வந்தது. "அடுத்த தடவை துணியைப் போத்திக்கிட்டு நெம்பு" என்றார். அன்றிலிருந்து அவரும் பார்ட்னர்.

முதல் கதவில் நான் பண்ணின தப்புகளைப் பட்டியல் போட்டால் இந்த இதழ் பத்தாது. பழைய பசையைச் சுரண்டாமல் மேலேயே ஒட்டியது ஒன்று. பீடிங்கைச் 'சிக்'கென்று இருக்கட்டும் என்று இழுத்து இழுத்து ஒட்டியது இன்னொன்று. மறுநாள் காலை பார்த்தால் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலையில் ஒரு விரல் போகிற சந்து! இழுக்கவே கூடாதாம். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, உள்ளே தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டுமாம். அதுவும் இரண்டு முனையும் சேருகிற இடம் கதவின் அடிப்பக்கம் வரவேண்டும். நான் ஜோராக உச்சியில் சேர்த்திருந்தேன், மழை நேராக உள்ளே இறங்க வசதியாக. பிய்த்துவிட்டு மறுபடி.

கதவு சாத்தினால் சாத்தவும் இல்லை. புது ரப்பர் தடியாக இருக்கும், பத்து நாள் அழுந்தினால்தான் படியும். அதுவரை ஓங்கி அறைந்துதான் சாத்த வேண்டும். சின்ன வயசிலிருந்து "கதவை அறைஞ்சு சாத்தாதேடா, ஃபிரிட்ஜ் கதவு மாதிரி சாத்து" என்று என் முதுகில் போட்ட மனிதர் அவர். நான் தயங்கி நிற்க, அவரே வந்து படாரென்று அறைந்தார். தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! இன்னொரு தடவை திறந்து, இன்னொரு தடவை அறைந்தார்.

மூன்றாம் நாள்தான் அந்த இடது பக்கம் பின் கதவு. துரு பிடித்த கதவு. அதைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. அப்பாவின் அலட்சியம். மற்ற மூன்று கதவும் நன்றாக இருக்க, இதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார். பெங்களூர்ப் பையனிடமும் "அப்பா அதைக் கவனிக்கல" என்று, அவர் காதில் விழுகிற மாதிரியே, சொல்லியிருந்தேன்.

உங்களுக்கு ஒரு ரகசியம். கார் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகத்தான் போகும். கண்ணாடி இறங்குவதற்கு ஒரு நீளச் சந்து வேண்டும் இல்லையா? வெளிப்பக்க பீடிங் கண்ணாடியைத் துடைத்துவிடும், அவ்வளவுதான். மிச்சம் உள்ளே இறங்கும். அதற்காகத்தான் கதவின் அடியில் இரண்டு மூன்று ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் அதன் வழியாக ஒழுகிப் போய்விடும். ஓட்டை அடைத்துக்கொண்டால் கதவே ஒரு தொட்டி. நின்ற தண்ணீர் தகரத்தை உள்ளேயிருந்து தின்னும். வெளியே தெரிகிறபோது காரியம் முடிந்திருக்கும்.

அட்டையைக் கழற்றி, பின்னாலிருந்த பாலிதீனை உரித்து, டார்ச் அடித்தேன். அடியில் கரேல் என்று சேறு. சேற்றுக்கு அடியில் வடிகால் ஓட்டைகள் மேல் பாந்தமாகப் படிந்தாற்போல் என்னவோ ஒன்று. கையை விட்டு இழுத்தேன். பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்த அட்டை கூழாகிவிட்டிருந்தது. ஆனால் உறையின் மேல் ஒட்டிய லேபிளில் பாதி பாக்கி. என் பெயர். எட்டாம் வகுப்பு. 'ஆ' பிரிவு.

பிராக்ரஸ் கார்டு!

2001 அரையாண்டு. கணக்கில் 27. ஸ்கூலிலிருந்து அப்பா காரில் அழைத்து வருகிறார், நான் பின் சீட்டில் இடது பக்கம். "கார்டு குடுத்தாங்களா?" என்று அவர் கேட்ட அந்தக் கணத்தில், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்பக்க பீடிங் பிய்ந்திருந்த சந்து என் கண்ணில் பட்டது. தபால் பெட்டியில் போடுகிற மாதிரி போட்டேன். "தொலைஞ்சு போச்சுப்பா" என்றேன். அப்பா டூப்ளிகேட் கார்டுக்குக் காசு கட்டி, அதில் மறுபடி 27-ஐ எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதாவது என் தந்திரத்தால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இருபத்து நாலு வருஷமாக அந்தக் கதவை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது என் கணக்கு மார்க்.

சேறு சொட்ட அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினால் பின்னால் அப்பா.

"கிடைச்சுடுச்சா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணாடி அன்னிக்கு இறங்கவே இல்லையே. என்னமோ மாட்டியிருக்குன்னு மெக்கானிக் சொன்னான். அப்புறம் தானா நழுவிக் கீழே விழுந்துடுச்சு."

"அப்பவே பிரிச்சு எடுத்திருக்கலாமே..."

"எடுத்திருந்தா உன்னை அடிச்சிருக்கணும்" என்றார். பெரிய விஷயமில்லாத மாதிரி சேற்றை ஒரு குச்சியால் வழிக்க ஆரம்பித்தார். நான் அந்த உறையை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

டிங்கர் வேலைக்குக் கதவு கிருஷ்ணகிரி போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது முன் கண்ணாடி. அதை மட்டும் நானே செய்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. பக்கத்து ஷெட்டிலிருந்து பாய் வந்தார். நாற்பது வருஷ மெக்கானிக். பழைய ரப்பரை பிளேடால் கீறி எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டினார். ரப்பரின் இன்னொரு பள்ளத்தில் நூல் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையையும் காருக்குள்ளே தொங்கவிட்டார். சோப்புத் தண்ணீர் தடவினார். "உள்ளே ஒரு ஆளு, வெளியே ஒரு ஆளு. உள்ளே இருக்கறவரு கயிறை மெதுவா இழுப்பாரு. கயிறு வர வர ரப்பர் உதடு தகரத்துக்கு மேல ஏறிக்கும். வெளியே இருக்கறவரு அந்தந்த இடத்துல உள்ளங்கையால தட்டணும். அவசரப்பட்டா கண்ணாடி போச்சு. இந்தக் கண்ணாடிக்கு இப்ப எங்க போவீங்க?"

உள்ளே யார்? அப்பா எதுவும் சொல்லாமல் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். வெளியே நான். நடுவில் கண்ணாடி. அவர் ஒரு அங்குலம் இழுப்பார், தலையை ஆட்டுவார், நான் தட்டுவேன். மறுபடி ஒரு அங்குலம். சத்தம் கேட்காது, தலையாட்டல்தான் பாஷை. பாய்கூடப் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றார். மேல் மூலையில் ரப்பர் மடங்கிக்கொண்டது. எனக்கு வியர்த்தது. அப்பா கயிற்றைப் பின்னுக்கு விட்டு, திரும்ப இழுத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, நிமிர்ந்து சிரித்தார். ஆபரேஷன் செய்த கண் அது. கயிறு முழுக்க அவர் மடியில் விழுந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கணக்கு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடி ரப்பர் 1,400. நாலு கதவுக்கும் பீடிங் 2,600. கண்ணாடி ஏறி இறங்கும் ஃபெல்ட் சேனல் 1,450. பசை 350. டிங்கர் 3,800. பாய் கூலி 1,000. பஸ், டீ, நிப்பட்டு வகையில் 400. ஆக 11,000. பெங்களூர்ப் பையன் குறைத்தது 12,000. நிகர லாபம் ஆயிரம் ரூபாய், ஒன்பது நாள் வேலைக்கு. நாளைக்கு நூற்றுப் பதினோரு ரூபாய். ஓசூர் கம்பெனியில் ரிசைன் பண்ணினபோது மேனேஜர் சிரித்தது இதற்குத்தானோ என்னவோ.

கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் இறுக்கமாகப் பிடித்தது. கடைசிப் பரீட்சை, தண்ணீர். அதிலும் ஒரு முறை இருக்கிறது. ஹோஸ் பைப்பை எடுத்ததும் கூரையில் பிடிக்கக் கூடாது. கீழேயிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே போக வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். நான் நாலு கண்ணாடியையும் ஏற்றி, முன்பக்கத்து இரண்டு முக்கோணக் கண்ணாடிகளின் கொக்கியையும் அழுத்தி மூடி, பழைய ஆடிட் புத்தியில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். அப்பா பேப்பரோடு உள்ளே போய் உட்கார்ந்தார். மணி நாலரை.

இருபது நிமிஷம் அடித்தேன். கீழே, கதவு, கண்ணாடி, கூரை. ஃபெஞ்சல் தோற்றது. உள்ளே அவர் தலையங்கம் முடித்து ஸ்போர்ட்ஸ் பக்கம் போய்விட்டார். நான் பைப்பை மூடப்போகிற நேரம் கண்ணாடியில் 'டொக் டொக்'.

"இங்க வா. சொட்டுது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து முக்கோணக் கண்ணாடி. அவர் முழங்கால் மேல் ஒரு சொட்டு, வேட்டியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். கண்ணாடி ஒரு நூலளவு வெளியே தள்ளியிருந்தது. கொக்கி பாதி திறந்திருந்தது.

நான் கொக்கியைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார்.

"ஒழுகற வண்டிய ஒருத்தன் தலையில கட்டக் கூடாது. பாவம், சின்னப் பையன். போன் பண்ணி, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்குன்னு சொல்லிடு."

"எவ்வளவு நாள் ஆகும்னு சொல்லட்டும்?"

பக்கத்தைத் திருப்பினார். "மழை முடியட்டும், பாக்கலாம்."

தென்மேற்கா, வடகிழக்கா என்று நான் கேட்கவில்லை. பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, டீ கொண்டு வர உள்ளே போனேன்.